மடத்திலிருந்து கல்லூரிக்கு

நுழையும்முன்

பழகிய பணியை விட்டுப் புதிய பணிக்குச் செல்லும்போது அச்சம் எழுவது இயல்பு. தம்மால் இயலுமா என்னும் ஐயமும் உடன் எழும். பெரும்புகழ் பெற்றவர்களும் இவற்றுக்கு விலக்கானவர் அல்லர். தமிழ்த் தாத்தா என்று போற்றப்படும் உ.வே.சாமிநாதர் ஏறத்தாழ இருபத்தைந்தாம் வயதில் தம் வாழ்க்கையின் திசையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அந்த ஒரே ஆண்டில் அவர் இருமுறை தம் கல்வியையே ஐயுற்று நோக்கினார். அந்நாள்களில் அவர் நடந்துகொண்ட முறையைக் கூறுவது இப்பாடம்.

இசையும் தமிழும்

பாபநாசத்திற்கு அருகில் உள்ள உத்தமதானபுரம் உ.வே.சா.வின் சொந்த ஊர். அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, அன்பர்கள் அளிப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். நிலையான வருவாய் இல்லை. ஓர் ஊரில் சில மாதங்கள், மற்றோர் ஊரில் சில மாதங்கள் என்று குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது.

மகனும் தம்மைப்போல் இசையில் தேற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆங்கிலம் படித்தால் அரசாங்க வேலை கிடைக்கும் என்று அறிவுரை கூறியவர்களும் இருந்தனர். சிறுவனின் உள்ளமோ தமிழ்ச் செய்யுள்களிலேயே தோய்ந்து கிடந்தது. தமிழை மட்டும் படித்தவருக்கு வாழ்க்கையில் என்ன பிழைப்பு உண்டு என்னும் கேள்விக்கு அக்காலத்தில் எவரிடமும் தெளிவான விடை இல்லை. ஆயினும் தந்தையார் மகனின் விருப்பத்தைத் தடுக்கவில்லை; தகுந்த ஆசிரியரைத் தேடித் தாமே உடன் அலைந்தார்.

அத்தேடல் 1871இல் மாயூரத்தில் முடிவுற்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராக அவர் சேர்ந்தார். வேங்கடராமன் என்று அழைக்கப்பட்டு வந்த இளைஞருக்குச் சாமிநாதன் என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர் அவ்வாசிரியரே. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் எனப் பிற்காலத்து இலக்கியங்கள் பலவற்றை அவரிடம் சாமிநாதர் முறையாகப் பாடம் கேட்டார். ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பேறும் பெற்றார்.

நிழல் தந்த மடம்

1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மகாவித்துவான் மறைந்தார். அப்போது சாமிநாதருக்கு இருபத்தோராம் வயது நிறையவில்லை. திருமணம் ஆகியிருந்தது, பெற்றோரைக் காக்கும் கடமையும் இருந்தது. கையில் பட்டமோ பணமோ இல்லை. திக்கற்று நின்ற இளைஞருக்குத் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவு அளித்தார். தங்கும் இடமும் உணவும் மடத்தின் பொறுப்பாயின. தேசிகரிடம் தாம் பாடம் கேட்டும், மடத்தில் பயின்ற தம்பிரான்களுக்கும் பிற மாணவர்களுக்கும் பாடம் சொல்லியும் அவர் காலம் கழித்தார்.

அங்கு வாழ்க்கை அமைதியாக நடந்தது. புலவர்களும் இசைவாணர்களும் வடமொழி வல்லவர்களும் நாள்தோறும் மடத்திற்கு வந்தனர். கற்றவர்கள் கற்றவர்களோடு உரையாடினர். பாடம் கேட்போர் சிலரே. அவர்களும் கற்கும் விருப்பத்தோடு தாமே வந்தவர்கள். ஒரு செய்யுளைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். மணி அடித்துப் பாடத்தை நிறுத்துவார் எவரும் இல்லை. புலமைக்கு மதிப்பும் வயிற்றுக்கு உணவும் ஒருங்கே கிடைக்கும் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று எண்ணுவதற்கு அவருக்குக் காரணமே இல்லை.

தியாகராசச் செட்டியாரின் அழைப்பு

காரணம் கும்பகோணத்திலிருந்து வந்தது. காவிரிக் கரையில் அமைந்த கும்பகோணம் அரசினர் கல்லூரி அந்நாளில் தென்னாட்டின் புகழ்மிக்க கல்விக்கூடங்களுள் ஒன்று. அங்குத் தமிழாசிரியராக விளங்கியவர் வித்துவான் தியாகராசச் செட்டியார். அவரும் மகாவித்துவானின் மாணவரே. தாம் ஓய்வுபெற எண்ணிய 1880இல், தம் இடத்தில் அமரத் தகுதியானவர் யார் என்று அவர் ஆராய்ந்தார். அவர் கண்முன் நின்றவர் தம் ஆசிரியரின் இளைய மாணவராகிய சாமிநாதர்.

செட்டியார் திருவாவடுதுறைக்கே நேரில் வந்து தம் கருத்தைத் தெரிவித்தார். கேட்ட சாமிநாதருக்கு மகிழ்ச்சியைவிடத் தயக்கமே மேலோங்கியது. தேசிகரின் இசைவின்றித் தாம் எதையும் முடிவு செய்வதில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார். தேசிகருக்கோ அவரைப் பிரிய மனம் இல்லை. மடத்தின் கல்விப் பணிக்குத் துணையாக இருந்தவரை அனுப்பிவிட்டால் அவ்விடத்தை நிரப்புவது எளிதன்று. செட்டியார் விடவில்லை. கல்லூரியில் அமர்ந்தால் சாமிநாதரின் புலமை பலருக்கும் பயன்படும். மடத்தின் புகழும் ஆசிரியரின் புகழும் பரவும். அவருடைய குடும்பமும் நிலைபெறும் என்று எடுத்துரைத்தார். இறுதியில் தேசிகர் தம் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, மாணவரின் நலத்தையே முதன்மையாகக் கருதி விடையளித்தார்.

அஞ்சுவதற்குக் காரணங்கள்

மடத்திற்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த தொலைவு சில கல் அளவினதே. எனினும் அவை இருவேறு உலகங்கள். கல்லூரியில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. மாணவர்கள் ஆங்கிலம் கற்று அரசுப்பணியை நாடியவர்கள். அவர்களுள் பலருக்குத் தமிழ் என்பது தேர்வுக்குரிய பாடங்களுள் ஒன்று மட்டுமே. சாமிநாதருக்கு ஆங்கிலக் கல்வி இல்லை. கல்லூரியில் பயின்ற பழக்கமும் இல்லை. எதிரில் அமரும் மாணவர் சிலருக்கும் அவருக்கும் வயதில் பெரிய வேறுபாடும் இராது.

இவற்றோடு வேறொரு சுமையும் சேர்ந்தது. அவர் அமரவேண்டிய இடம் தியாகராசச் செட்டியார் அமர்ந்திருந்த இடம். செட்டியார் கண்டிப்புக்கும் புலமைக்கும் பெயர் பெற்றவர். முன்னிருந்தவரோடு பின்வந்தவரை ஒப்பிட்டுப் பார்ப்பது உலக இயல்பு. மாணவரும் உடன் பணிபுரியும் ஆசிரியரும் தம்மை எவ்வாறு அளப்பார்கள் என்பதை எண்ணியபோது எந்த இளைஞருக்கும் நெஞ்சு நடுங்கும்.

மடத்தில் இருந்தால் இவற்றுள் எதுவும் இல்லை. எனினும் மடத்து வாழ்க்கை மற்றவரின் அருளைச் சார்ந்தது. கல்லூரிப் பணி தம் உழைப்பைச் சார்ந்தது. முதுமை எய்திவந்த பெற்றோருக்கு நிலையான வாழ்வைத் தருவது அதுவே. இவ்விரண்டையும் சீர்தூக்கிய பிறகு, அச்சம் முழுதும் நீங்கட்டும் என்று காத்திராமல் அவர் கும்பகோணத்திற்குப் புறப்பட்டார்.

முதல் வகுப்பு

செட்டியாரின் பரிந்துரை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. கல்லூரியின் தலைவராக இருந்த கோபாலராவும் பிற ஆசிரியர்களும் புதியவரின் தகுதியை அறிய விரும்பினர். செய்யுள்களைச் சொல்லி அவற்றுக்குப் பொருள் விரிக்குமாறு கேட்டனர். உடனே ஒரு செய்யுள் இயற்றுமாறும் கூறினர். பல ஆண்டுகள் மகாவித்துவானின் அருகிலிருந்து பயின்ற பயிற்சி அவ்வேளையில் கைகொடுத்தது. கேட்டவர் நிறைவடைந்தனர். 1880 பிப்ரவரியில் அவர் பணியில் அமர்ந்தார்.

முதல் நாளில் செட்டியாரே அவரை வகுப்பிற்கு அழைத்துச் சென்றார். கல்லூரியின் நடைமுறைகளையும் மாணவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் அவர் முன்னரே எடுத்துக்கூறியிருந்தார். அந்த வகுப்பறையில் சாமிநாதர் செட்டியாரைப் போல நடிக்க முயலவில்லை. தமக்குரிய வழியையே பின்பற்றினார். தந்தையாரிடமிருந்து பெற்ற இசையறிவு அவரிடம் இருந்தது. செய்யுளை இசையோடு படித்து, சொற்களைப் பிரித்துக்காட்டி, பொருளைத் தெளிவாக விளக்கினார். தமிழைச் சுமையாக எண்ணியிருந்த மாணவரும் செவிசாய்த்தனர்.

சிறுவயதில் அவர் தொழிலாகக் கொள்ளாமல் விட்ட இசையே புதிய தொழிலில் அவருக்குத் துணையாக நின்றது. புதிய இடத்திற்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்வதில்லை. முன்பு கற்றவை எல்லாம் உடன் வருகின்றன. எது எப்போது பயன்படும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிய முடிவதில்லை.

கல்லூரியில் சேர்ந்த பின்னரும் அவர் மடத்தின் உறவை விட்டுவிடவில்லை. விடுமுறை நாள்களில் திருவாவடுதுறைக்குச் சென்று தேசிகரைக் கண்டு வந்தார். புதிய பணி பழைய அன்பை அறுக்கவில்லை.

கல்வியை அசைத்த ஒரு வினா

பணியில் நிலைபெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்தார். ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்த அவரை 1880 அக்டோபர் 21ஆம் நாள் சாமிநாதர் சந்தித்தார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறார் என்று முதலியார் கேட்டார். சாமிநாதர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். அந்த நீண்ட பட்டியல் முதலியாரிடம் எந்த வியப்பையும் உண்டாக்கவில்லை. இவற்றுக்கு முற்பட்ட நூல்களான சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் வினவினார். சாமிநாதர் அவற்றைப் படித்ததில்லை. படிப்பதற்கு அவை கிடைக்கவும் இல்லை.

தமிழில் பெரும்புலவர் ஒருவரிடம் பயின்று, கல்லூரி ஆசிரியராகவும் ஆகிவிட்ட ஒருவருக்கு அந்த வினா எத்தகைய அதிர்ச்சியைத் தந்திருக்கும்! அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. தாம் கற்றதே போதும் என்று முதலியாரைப் புறக்கணிப்பது ஒன்று. தாம் அறியாதது பெரிது என்று ஒப்புக்கொள்வது மற்றொன்று. தம் தன்மதிப்பைக் காத்துக்கொள்ளும் முதல் வழி எளிது. அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். முதலியார் அளித்த சீவக சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைப் பெற்றுக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

மீண்டும் மாணவர்

படிக்கத் தொடங்கிய பின்பே கடினம் புலப்பட்டது. திருத்தக்கதேவர் இயற்றிய அந்நூல் சமணக் காப்பியம். சைவ நூல்களிலேயே பயின்ற சாமிநாதருக்கு அதன் சமயக் கருத்துகளும் கலைச்சொற்களும் புதியவை. நச்சினார்க்கினியரின் உரை இருந்தது. உரையாசிரியர் காட்டும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்பதோ தெரியவில்லை. பகலில் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர், இரவில் ஒரு தொடருக்குப் பொருள் காண இயலாமல் திகைத்தார்.

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் அவர் கூச்சம் கொள்ளவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பத்தினரைத் தேடிச் சென்றார். சிந்தாமணியை வழிவழியாகப் படித்துவந்த அவர்கள் தம் சமய மரபுகளை விளக்கினர். கல்லூரி ஆசிரியர் அவர்கள் இல்லத்தில் மாணவராக அமர்ந்து கேட்டார். அறியாமையை மறைப்பதற்குச் செலவிடும் முயற்சியை அறிந்துகொள்வதற்குச் செலவிட்டார். அதனால் புதிராக இருந்த பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துலங்கின.

நூலைப் பொருளறிந்து படிக்க வேண்டும் என்று தொடங்கிய முயற்சி, நூலைப் பிழையின்றி அச்சிட வேண்டும் என்னும் நோக்கமாக வளர்ந்தது. ஆறுமுக நாவலர், சி.வை.தாமோதரம் பிள்ளை முதலியோர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றும் பணியில் முன்னோடிகளாக விளங்கியவர்கள். சாமிநாதருக்குப் பதிப்புத் துறையில் முன்பழக்கம் இல்லை. மூன்றாயிரத்திற்கும் மேற்பட்ட செய்யுள்களும் விரிந்த உரையும் கொண்ட ஒரு பெருங்காப்பியத்தைக் கையில் பொருளின்றி அச்சிட முனைவது துணிச்சலான செயல்.

ஏழு ஆண்டு உழைப்பு

ஓலைச்சுவடிகளைப் படிப்பதே தனிக்கலை. அவற்றில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தோன்றா. கெடு, கேடு என்னும் இரு சொற்களும் ஒரே வடிவில் காட்சி தரும். இடம் நோக்கியே இன்ன சொல் என்று துணிய வேண்டும். செல்லரித்தும் முறிந்தும் போன ஏடுகளில் சொற்களும் அடிகளும் மறைந்திருக்கும். ஒரு சுவடியை மட்டும் நம்பினால் பிழை நேரும். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறிக்க வேண்டும். எனவே அவர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். மேற்கோள்களுக்கு மூலம் காண்பதற்காகப் பிற நூல்களையும் படித்துச் சொல் அகராதிகளும் குறிப்புகளும் எழுதிவைத்தார்.

அச்சிடுவதற்குரிய பொருளுக்கு, நூல் வெளிவருவதற்கு முன்பே வாங்க இசைந்து கையொப்பமிட்ட அன்பர்களை நாடினார். அச்சுவேலை சென்னையில் நடந்தது. விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள்களைத் தாமே திருத்தினார். இடையூறுகள் வந்தபோதெல்லாம் இப்பணி தம்மால் முடியுமா என்னும் ஐயமும் உடன் வந்தது. அவர் அந்த ஐயத்தோடு வாதாடிக்கொண்டிராமல், அன்று திருத்தவேண்டிய பக்கத்தைத் திருத்தினார். 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக வெளிவந்தது.

நூல் வெளிவந்த பின்னர்ப் பாராட்டோடு கண்டனமும் எழுந்தது. பதிப்பில் குற்றங்காண முயன்றோரும், சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்று குறைகூறினோரும் இருந்தனர். அவர்களுக்கு மறுமொழி எழுதுவதில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்று கல்லூரி நண்பர் அறிவுறுத்தினார். உ.வே.சா. அதை ஏற்று அடுத்த நூலுக்குச் சென்றார். கண்டனத்திற்கு அவர் தந்த விடை, அடுத்தடுத்து வெளிவந்த பதிப்புகளே.

தொடர்ந்த தொண்டு

பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. முதலியார் பெயர் சொல்லி வினவியபோது அவர் கண்டிராத மூன்று காப்பியங்களும் பதினெட்டு ஆண்டுகளுக்குள் அவர் கையாலேயே அச்சேறின. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் முதலிய சங்க நூல்களும் பின்னர் வந்தன. குறுந்தொகை 1937இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

கும்பகோணத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியபின் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு அவர் மாற்றப்பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. கல்லூரியில் ஒரு நாளும் மாணவராகப் பயின்றிராதவரைப் பல்கலைக்கழகம் அவ்வாறு சிறப்பித்தது. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் இயற்கை எய்தினார்.

தமக்கு வழிகாட்டியவர்களை அவர் என்றும் மறக்கவில்லை. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை விரிவாக எழுதினார். தம்மைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றவரின் நினைவாகச் சென்னைத் திருவட்டீசுவரன்பேட்டையில் இருந்த தம் இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார்.

அச்சம் தகுதியின்மைக்கு அடையாளம் அன்று என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது. புதிதாகக் கற்கவேண்டியது எங்கே இருக்கிறது என்பதையே அது பெரும்பாலும் சுட்டிக்காட்டுகிறது. மடத்தின் நிழலிலேயே அவர் தங்கியிருந்தால் சிறந்த புலவராகப் பெயர் பெற்றிருக்கக்கூடும். முதலியாரின் வினாவைப் புறக்கணித்திருந்தால் நல்ல கல்லூரி ஆசிரியராக ஓய்வு பெற்றிருக்கக்கூடும். இரண்டு வேளைகளிலும் அவர் தம் தயக்கத்தை மறைக்கவில்லை. அதற்கு அடங்கிவிடவும் இல்லை. பெரியோரின் துணையை ஏற்றார், அறியாததைக் கேட்டறிந்தார், கற்றதைக்கொண்டு அடுத்த அடியை வைத்தார். அவர் எடுத்துவைத்த அவ்வடிகளால், மறைந்துகொண்டிருந்த சங்க நூல்கள் பல இன்று வகுப்பறைகளில் ஒலிக்கின்றன.